படுக்காமல் எந்த டாக்டரும் தப்ப முடியாது

என் செல்ல டாக்டரம்மா,

இருபத்திரண்டு வருடம் அவசரப் பிரிவில் இருந்தாய். எங்களைப் பிரிவதிலும் உனக்கு அப்படி என்ன அவசரம்? முறைக்காதே. அழுதுகொண்டே எழுதினால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். அதனால் கடிக்கிறேன்.

நீ போய் மூன்று மாதம். போன வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையில் உனக்கு நினைவுக்கூட்டம் வைத்தார்கள். டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து நானும் அப்பாவும் போனோம். கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மேடையேறியவர்கள் எல்லாரும் தியாகம், தியாகம் என்றார்கள். என் பிறந்தநாள் கேக்கில் பாதியை ஒளித்துவைத்துத் தின்றவளா தியாகி?

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான், உன்னிடம் வேலை கற்ற டாக்டர் ஷாலினி அக்கா என் காதில் அதைச் சொன்னார்.

"யாழு, உங்கம்மாவோட ஸ்ட்ரெச்சர் பயிற்சிய நிப்பாட்டிட்டாங்க. பிரிவோட புதுத் தலைவரு டைம் வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு."

அது எப்படி ஆரம்பித்தது என்று அந்தத் தலைவருக்குத் தெரியுமா? எனக்கு அப்போது பத்து வயது. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி நாடகம் போட்டேன். எத்தனையோ நடிப்பைக் கண்டுபிடித்த நீ, பெற்ற பெண்ணிடம் ஏமாந்தாய். உன் மருத்துவமனையிலேயே என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரை விளக்குகளும் எல்லாருடைய மூக்கு ஓட்டைகளும்தான் தெரிந்தன. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நடிப்பு மறந்து நிஜமாகவே அழுதேன்.

குட்டு உடைந்ததும் திட்டித் தீர்த்தாய். பிறகு, "அது சரி, வலியே இல்லாம ஏண்டி அழுத?" என்று கேட்டாய். சொன்னேன். மறுநாள் நீயே படுத்துக்கொண்டு, தாதியரைத் தள்ளச் சொன்னாயாம். அன்றிலிருந்து உன்னிடம் வரும் ஒவ்வொரு புது டாக்டரும் முதல் நாள் படுத்தே ஆகவேண்டும். வாசலிலிருந்து, உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்பு மண்டலம் வரை ஒரு வார்த்தை பேசாமல் தள்ளுவார்கள். எழுந்ததும் நீ கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்த இடத்துல பயம் வந்துச்சு?"

அதையா நிறுத்துவது?

மேடையில் பேச என் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுதிக்கொடுத்த உரையை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தலைவரிடம் போனேன்.

"டாக்டர், ஒரு அஞ்சு நிமிஷம் படுக்குறீங்களா?"

கூட்டம் சிரித்தது. கேடயம் கொடுத்த கையோடு மறுக்க முடியுமா, பாவம்! அதற்குள் ஷாலினி அக்கா வாசலுக்கு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்திருந்தார். இருவரும் தள்ளினோம். இரண்டாவது திருப்பத்தில், "எங்கேம்மா போறோம்?" என்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி டையைச் சரிசெய்தவர், "பாப்போம் லா," என்றார்.

பெரியவர்கள் சொல்லும் 'பாப்போம்' எதையாவது பார்த்திருக்கிறதா அம்மா?

நாங்கள் காத்திருக்கவில்லை. எனக்குப் பள்ளி விடுமுறை. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஐந்து புது டாக்டர்களையும் பின்பக்க நடைவழிக்கு அக்கா கூட்டிவந்தார். அவர்களில் நெட்டையாக இருந்தவர் ரொம்பவே முனகினார்.

"அக்கா, தலைவரு கேட்டா என்ன சொல்றது?"

"சாப்பாட்டு நேரம் உன்னோடது. நின்னா என்ன, படுத்தா என்ன? படு தம்பி!"

தலைவர் அந்த வழியாகத்தான் வந்தார். நின்றார். அக்கா நகரவில்லை, நானும் நகரவில்லை. அவர் சுவரோரமாக ஒதுங்கி, எங்களுக்கு வழிவிட்டுப் போனார்.

அன்று மாலை, பத்து காவான் என்ற ஊரிலிருந்து நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர் வந்து இறங்கும்போது நான் வாசலில் அப்பாவின் காருக்காக நின்றிருந்தேன். அந்த நெட்டை டாக்டர்தான் ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் முன், பெரியவரின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஐயா, உள்ள சிவப்பு மண்டலத்துக்குப் போறோம். கதவுகிட்ட கொஞ்சம் குலுங்கும். நான் கூடவே வரேன்."

இந்த வார்த்தைகளை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அம்மா. உன்னை அவர் பார்த்ததுகூட இல்லை.

இனி வருகிற ஒவ்வொரு குழுவும் படுக்கும். தலைவர் விட்டால் உள்ளே. விடாவிட்டால் கார் நிறுத்துமிடத்தில், கொளுத்துகிற வெயிலில், நானே தள்ளுவேன். சத்தியம்.

உன் ஒரே மகள், உன் முழுநேரத் தலைவலி,
யாழினி