ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

என் அன்புக்குரிய, கோபமே வராத மனுஷனுக்கு,

நீங்கள் கண்ணை மூடியதற்கு வருகிற ஞாயிறு வருஷ பூசை. மாதா கோயில் மலரில் போட உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். 'கனிவே உருவானவர்' என்று தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் அதை உங்களுக்கே எழுதுகிறேன். அச்சில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

முதலில் தோட்டத்துச் சேதி. இந்த வருஷம் கன்னிவாடிப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. கூட்டுக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. வியாழக்கிழமை நம் முறையில் மோட்டார் போட்டால், பாதி மல்லிகைக்குப் பாய்வதற்குள் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. அரும்பெல்லாம் சிறுத்துப்போச்சு. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் நம் பூவைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்குகிறார்கள். வாரத்தில் இன்னொரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் செடியே போய்விடும். அந்தச் செடிதான் எனக்குச் சோறு.

இன்னொரு நாள் நமக்கு உண்டு. வியாழனும் ஞாயிறும் நம் முறை என்று உங்கள் அப்பா காலத்திலேயே பேசி வைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று நீங்கள் மோட்டாரைத் தொட்டதில்லை. பூசைக்குப் போனால் பாட்டுக்குழுவோடு பேசி முடித்து மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவீர்கள். உங்கள் சித்தப்பா மகன், என் கொழுந்தன் சவரிமுத்து, அன்றைக்குத் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்வார். அவரும் ஞானஸ்நானம் வாங்கியவர்தான். பத்துக் கட்டளையும் உங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இப்போது ஞாயிறு தன்னுடையது என்கிறார். நேரில் போய்க் கேட்டேன். "அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு நாளும் கேட்டதில்ல மதினி. அவர் பேரக் கெடுத்துராதீங்க" என்றார். நான் வாய் இல்லாதவளா என்ன? உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் உங்கள் பெயரை எடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். புதிதாக வந்திருப்பவர், சின்ன வயசு. உங்களைப் பார்த்ததுகூட இல்லை.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி கனிவா இருங்கம்மா. கனிவா இருக்கவங்களுக்குத்தான் பூமின்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு."

"பூமி இருக்கு சாமி. தண்ணியத்தான் கொழுந்தன் எடுத்துக்கிட்டாரு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கனிவு என்றால் என்னங்க? இளிச்சவாய்த்தனத்துக்குக் கோயிலில் வைத்த பெயரா? உங்களோடு குடும்பம் நடத்திய காலமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவீர்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். நீங்கள் மிரண்டு நான் பார்த்ததே இல்லை. பயந்த மனுஷன், பாவம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பயந்தவரை என்ன குறை சொல்ல?

அந்த முடிவையும் போன வாரம் ராக்கம்மா வந்து கெடுத்துவிட்டாள். அவளும் கிணற்றில் நமக்குப் பங்காளிதானே. அவள் வீட்டுக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் முறையன்று கொழுந்தன் மடையை வெட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டாராம். நீங்கள் மண்வெட்டியோடு போய் அதை அடைத்து, அவள் வயலுக்கே திருப்பிவிட்டு, அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டீர்களாம்.

"அம்புட்டு வசவு வஞ்சாரு அவரு. அண்ணன் ஒத்த வார்த்தை திருப்பிச் சொல்லல. என் வயலு நெறையிற வரைக்கும் எந்திரிக்கவும் இல்ல" என்றாள்.

பெருமையாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் முன்னைவிடக் கோபம் வந்தது. அப்படியென்றால் உங்களுக்குப் பயமே இல்லை. ராக்கம்மா தண்ணீருக்காக உட்காரத் தெரிந்த மனுஷனுக்கு என் தண்ணீருக்காக உட்காரத் தோன்றவில்லையே, ஏன்? உங்களுக்கு உரியதை நீங்கள் விட்டீர்கள், சரி, அது உங்கள் கனிவு. என்னையும் உங்களோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு என் பங்கையும் அல்லவா விட்டீர்கள்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டீர்களா? சாந்தமே வடிவான ஆண்டவர், கோயிலில் கடை போட்டவர்களை விரட்டச் சாட்டை எடுத்தாரே, தன்னை யாரோ ஏசியதற்காகவா எடுத்தார்? இதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இப்போதும் துண்டை உதறிக்கொண்டு எங்கே போவீர்கள்?

ஞாயிறு முதல் பூசை உங்களுக்காக. அது முடிந்ததும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே கிணற்றுக்குப் போகிறேன். வருகிற சொந்தக்காரர்களுக்குச் சோறும் வெஞ்சனமும் ஆக்கிவைப்பதாக ராக்கம்மா சொல்லியிருக்கிறாள். ஓய்வுநாளில் மோட்டார் போடுவது பாவமென்றால் அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். மடையை நம் பக்கம் திருப்பிவிட்டு வரப்பில் உட்காருவேன். கொழுந்தனை வைய மாட்டேன். கடைசிச் செடி நனைகிறவரை எழுந்திருக்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவர் வந்து மறுபடியும் உங்கள் பெயரைத்தான் எடுப்பார். எடுக்கட்டும். இத்தனை வருஷத் தண்ணீரை அவருக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. உங்கள் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன், அது என்னுடையது.

கோபம் தீராத,
உங்களுக்கே வாழ்க்கைப்பட்ட
உங்கள் வீட்டுக்காரி