ஆளில்லாத எஞ்சின் அறை

நம் மகன் வாங்கி வந்த புது ரைஸ் குக்கர், சோறு வெந்ததும் இன்று காலை கீச்சென்று கத்தியது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு உங்களைத் தேடினேன். நீங்கள் கண்ணை மூடி இத்தனை வருடமாகியும் எந்த இயந்திரம் கத்தினாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

நம் மலைநாட்டு லிந்துலையில் தேயிலை ஃபெக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் கப்பலுக்குப் போனது எழுபதுகளில். அப்போது கடலை நினைத்துத்தான் பயந்தேன். எஞ்சின் அறையில் எந்நேரமும் கூட ஆட்கள் நிற்பார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி தானியங்கிக் கப்பல்களை வாங்கியது. பழைய ஆட்களும் கொழும்பில் புதுப் பயிற்சி எடுக்க வேண்டும், பரீட்சையில் தவறினால் வேலை இல்லை என்றார்கள்.

பயிற்சிக்கு நடுவே லீவில் வந்து, அடுப்படியில் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்தீர்கள். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சரான நான் வாசித்துச் சொன்னேன். எந்த விளக்கு எரிந்தால் எண்ணெய் குறைவு, எந்த மணி அடித்தால் சூடு அதிகம் என்று நான் கேட்கக் கேட்கப் பதில் சொன்னீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். இனி எஞ்சின் அறையில் ஆள் நிற்க மாட்டார். மணி அடித்தால் ஒருவர் மட்டும் இறங்க வேண்டும். இறங்கியவர் அடிக்கடி ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

“எதுக்குங்க அந்த பட்டன்?”

“நான் உசுரோட இருக்கேன்னு காட்டத்தான்.”

“அமுக்கலேன்னா?”

“மேல மணி அடிக்கும். யாராச்சும் ஓடி வருவாங்க சரசு.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

தேறினீர்கள். கப்பலேறினீர்கள். சில மாதம் கழித்துத் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே தந்தி கொண்டுவந்தார். ஹெட்மாஸ்டர்தான் பிரித்தார். “உசுருக்கு ஆபத்தில்லம்மா. ஆஸ்பத்திரியில இருக்காரு.”

வீடு வந்த பிறகுதான் முழுவதும் சொன்னீர்கள். மணி கேட்டுத் தனியாக இறங்கியிருக்கிறீர்கள். குழாய் ஒன்று வெடித்து அறை முழுக்கப் புகை. மயங்கி விழுந்துவிட்டீர்கள்.

“நான் பட்டன அமுக்கலேன்னதும் மேல மணி சரியா அடிச்சிருக்கு சரசு. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. வர்றதுக்குத்தான் ஆளில்ல. இருந்த கொஞ்சப் பேரும் முன்பக்கம் நங்கூர வேலையில நின்னாங்க. அவங்க ஓடி வந்து என்னைய மேல தூக்குறதுக்குள்ள நேரமாயிருச்சு.”

புகை தின்ற நெஞ்சோடு மறுபடி கப்பலேற முடியவில்லை. அதே பயிற்சிப் பள்ளியில் உங்களைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். நீங்களோ ஒருவரைத் தரையில் படுக்க வைத்து, மற்றவர்களை அவரைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறச் சொன்னீர்கள். பட்டனைப் பற்றிச் சொன்னால் போதாதா என்று மேலதிகாரி கடிந்துகொண்டார்.

“பட்டன் கூப்பிடத்தாங்க செய்யும். தூக்காது,” என்றீர்களாம்.

இருமல் முற்றி வீட்டோடு வந்துவிட்ட பிறகு, நீங்கள் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். “என்னங்க?” என்பேன். “இருக்கேன், இருக்கேன்” என்று இருமிக்கொண்டே சிரிப்பீர்கள். ஒரு மத்தியானம் பதில் வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் வரிசை வீடுகளெல்லாம் சேர்ந்து லயமே ஓடி வந்து கதவை உடைத்தது. எத்தனை பேர் வந்தார்கள், தெரியுமா? எத்தனை கைகள் உங்களைத் தூக்கின!

அன்றைக்கே நீங்கள் போய்விட்டீர்கள்; அந்தப் பயம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இப்போதும் மகன் குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே போய் நிற்கிறேன்.

“தம்பி?”

“இருக்கேம்மா!” என்று சலித்துக்கொள்கிறான்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.