கால் ஆன், புட் ஆஃப், கால் ஆஃப்

6-8-1936
நாமக்கல் வரன் வீட்டிலிருந்து கடிதம். வரனின் அப்பா வேலுசாமி ரிடையரான தாலுகா குமாஸ்தா. தமிழில் எழுதினால் பென்ஷனைப் பிடித்துவிடுவார்கள் போல, எல்லாம் இங்கிலீஷ்தான். பத்தாம் தேதி “கால் ஆன் யூ” என்றிருக்கிறது. கால் என்றால் கூப்பிடுவது. நாலாம் பாரம் படித்தவனுக்கு இதுகூடவா தெரியாது? நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

மகள் கமலவேணிக்கு மட்டும் முகம் சரியில்லை. பங்குனியில் ஸ்கூல் பைனல் பரீட்சை; அதை எழுதணும் என்றாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் கல்யாணம் என்றால் அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிட்டார்கள், பெண்ணுக்குப் பரீட்சை எதற்கு என்று.

10-8-1936
சேலத்தில் பஸ் டிக்கெட் கொடுக்கும் நானே டிக்கெட் வாங்கி, மனைவி சௌந்திரத்துடன் நாமக்கல் போனேன். அங்கே பூட்டு. அவர்கள் எங்களைப் பார்க்க அம்மாபேட்டைக்குப் போய், எங்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ராசிபுரத்தில் எதிரே வந்த பஸ்ஸில் கை காட்டிய பெரியவர் வேலுசாமிதானாம். நானும் பதிலுக்குக் கை காட்டினேன்!

“கால் ஆன்” என்றால் வந்து பார்ப்பதாம். கமலவேணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னாள்.

“ஏனுங்க, தெரியலீன்னா புள்ளகிட்டக் கேட்டா என்னங்க? கிரீடம் எறங்கிருமா?” என்றாள் சௌந்திரம்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதை ஒரு வெள்ளைக்காரனிடம் சொன்னால், எதை வாங்கினாய், எங்கே கட்டினாய் என்பான். அந்த மட்டில் சரிக்குச் சரி.

30-8-1936
அவர்கள் மறுபடி வந்தார்கள். பெண் பிடித்துவிட்டது. ஐப்பசியில் முகூர்த்தம்.

5-10-1936
கடிதம். இம்முறை கமலவேணியையே படிக்கச் சொன்னேன்.

“அவங்க பங்காளி ஊட்டுல சாவாம். கல்யாணத்தக் கைவிட்டுட்டாங்களாமுங்கப்பா.”

சௌந்திரம் அழுதாள். என் கண்ணில் ஒரு சொல் பட்டது. “ஜனவரின்னு போட்டிருக்கே சாமி?”

“அது... புதுவருச வாழ்த்துங்கப்பா.”

அக்டோபரிலேயேவா?

6-10-1936
அவள் பள்ளிக்கூடம் போனதும் இங்கிலீஷ் நோட்டைப் புரட்டினேன். புட் ஆஃப் – தள்ளிப்போடு. கால் ஆஃப் – கைவிடு. அவள் கையெழுத்து. பக்கத்தில் டீச்சரம்மாவின் சிவப்பு ‘சரி’. கடிதத்தில் இருப்பது புட் ஆஃப்.

தெரியாமல் சொல்லவில்லை. என் பெண் என்னிடம் பொய்– கோபமா வருது. அப்புறம் என்ன, அவ நெசத்தச் சொன்னப்ப நான் எங்க கேட்டேன்?

8-10-1936
பதிலை நானே இங்கிலீஷில் எழுதினேன். மூன்று வரி. நாங்களும் கால் ஆஃப் செய்கிறோம். திருத்தச் சொல்லி கமலவேணியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். நிமிரவே இல்லை.

“வார்த்தையெல்லாம் சரியா சாமி?”

“சரிங்கப்பா.” ஒரு கமாவை மட்டும் போட்டாள். அதன் வால் நீண்டுவிட்டது. அப்படியே தபாலில் போட்டேன்.

20-10-1936
வேலுசாமியின் பதில். முதல்முறையாகத் தமிழில். ஒரு சொல்லுக்குக்கூட யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. சௌந்திரத்திடம் காட்டவில்லை.

15-3-1937
இன்று முதல் பரீட்சை. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, “நாமக்கல்காரங்க வாக்குத் தவறுனாங்கல்லங்க, எம்புள்ள பாஸ் பண்ணிக் காட்டுவா பாருங்க” என்றாள் சௌந்திரம்.

பாவம் வேலுசாமி. “ஆமா, என்ன மனுசங்க” என்று சொல்லிவிட்டு, கமலவேணியோடு தெருமுனை வரை நடந்தேன்.