நீலநூல் தைத்த கூடை

கொலாரஸ், போர்ச்சுகல்,
9 ஜூன் 1979

அன்பு மகன் தொமேவுக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. "அவன் இருக்கிறானா?" என்று ஒரே வரி. கன்னியர் மடத்தில் படித்தவளின் மகன் இப்படியா எழுதுவது?

இருக்கிறான். உன் அண்ணன் பல்தசாருக்கு இடது கண் போய்விட்டது. தோளெலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது. வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது.

பிப்ரவரியில் நடந்ததில் உனக்குத் தெரியாத பாதியை எழுதுகிறேன். புதுத் திராட்சைக் கொடி நடுவதற்காக, மணலுக்கு அடியிலுள்ள களிமண்வரை இருவரும் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தீர்கள். நான் ரொட்டியும் வறுத்த மத்தி மீனும் கொண்டுவந்து மேலே நின்றேன். மணல் சரிந்தால் மூச்சுவிட இடம் வேண்டுமென்று நம் ஆட்கள் எல்லோரையும் போல நீயும் தலையில் கூடையைக் கவிழ்த்திருந்தாய். அவன் தன்னுடையதை மேட்டில் எறிந்திருந்தான். "கூடை கோழிக்குடா" என்று சிரித்தான்.

பிறகுதான் அதைச் சொன்னான். "போன வருஷம் நாணல் வேலியச் சாய்ச்சது காத்துன்னா நெனச்ச? நான்தான்டா. உப்புக்காத்துல கொடியெல்லாம் கருகட்டும்னுதான். பங்களா கட்டுறவன் கொடியில்லாத வெறும் மணலத்தான் விலைக்குக் கேக்குறான்."

உன் அப்பா போனபின் நீ தனியாகப் போடவிருந்த முதல் வெள்ளை ஒயின் அந்தக் காற்றில்தான் கருகியது.

உன் மண்வெட்டி மூன்று முறை அவன்மேல் இறங்கியது. முகத்தில் ஒன்று, தோளில் இரண்டு. ரொட்டி அறுக்கும்போது அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஜசிந்தோவை அழைக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மணல் சரிந்து பள்ளம் மூடிப்போயிருந்தது. நீ இல்லை.

கையாலேயே தோண்டினோம். எனக்கு இரண்டு நகம் பிய்ந்தது. முதலில் தட்டுப்பட்டது ஒரு கூடை. அதற்குள் ரத்தமும் மணலுமாக அவன் முகம். மூச்சு இருந்தது.

அவனுடைய கூடை மேட்டில் எறிந்த இடத்திலேயே கிடந்தது. அவன் தலையில் இருந்தது உனக்காக நான் விளிம்பில் நீலநூல் தைத்தது.

காவலர் வந்தார். மணல் சரிந்துதான் காயம் என்று சொன்னேன். காயத்தைப் பார்த்துவிட்டு, "மணலுக்குப் பல்லு இருக்காம்மா?" என்றார். கட்டிலிலிருந்து உன் அண்ணன், "இந்த ஊரு மணலுக்கு இருக்கு சார். நீங்களும் பள்ளத்துல எறங்கிப் பாருங்க" என்றான். அவர் எழுதிக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் சொன்ன முதல் பொய் இது என்று கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொண்டேன். வருந்துகிறாயா என்று சாமியார் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு அப்பா போட்ட கடைசி ஒயின் பீப்பாயைத் திறந்தேன். பல் கூசும் புளிப்பு, நாக்கோரத்தில் அதே உப்பு. பல்தசார் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினான். மறுநாள் வேலி கட்டப் போனான். ஒற்றைக் கையால் கோணலாகக் கட்டியிருந்தான். அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னேன். கட்டினான்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும், "வரச் சொல்லு. வந்ததும் ஒண்ணு விடுவேன், அதையும் எழுது" என்றான். எழுதிவிட்டேன்.

கொடிகள் இப்போது பூத்திருக்கின்றன. பள்ளத்தை மறுபடி தோண்ட வேண்டும். அவனால் ஆகாது. உன் கூடையைக் கழுவி, விட்டுப்போன இடத்தில் நூல் தைத்து, பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன்.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். மண்வெட்டி ஓங்கிய வலது கையையும் விட்டுவிடாமல்.

உன் தாய்,
லெயொபொல்தினா