மாலேயில் எங்கே சாப்பிடலாம்

செப்டம்பர் 9, செவ்வாய்.

அக்கா மகள் ஜெனி கல்யாணமாகித் தேனிலவுக்கு மாலத்தீவு போகிறாள். சாயங்காலம் வந்திருந்தாள்.

"மாமா, இருவது வருசமா சரக்குத் தோணியில மாலேக்குப் போறீய. அங்கன எங்க சாப்பிட்டா நல்லாருக்கும்?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சூரைமீனையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து ரொட்டியோடு தரும் துறைமுகத்துக் கடை, மீன் உருண்டை பொரிக்கும் பள்ளிவாசல் பக்கத்துக் கடை, சாயாவுக்கு மூலைக்கடை என்று அடுக்கிக்கொண்டே போனேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி செலினின் கை அப்படியே நின்றது.

கல்யாணமான புதிதில் அவளிடம், தோணியில் கஞ்சியும் ஊறுகாயும்தான், கரையில் இறங்கவே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். என்மேல் அவள் பரிதாபப்படட்டும் என்று சொன்ன பொய். அன்றைக்கே, நான் பத்திரமாகத் திரும்பும்வரை மீன் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். இன்றுவரை ஒரு பயணத்துக்கும் தவறியதில்லை.

ஜெனி போனதும் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குழம்பை ஊற்றும்போது, "அந்த மீன் உருண்டை எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை தோணி கிளம்புகிறது. நேர்ச்சையை விட்டுவிடு என்று அவளிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகப் பயமாக இருக்கிறது.