ஃப்ரீசரில் இன்னும் இடம் இருக்கிறது

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சம்பந்தியம்மா கண்மணி அவர்களுக்கு, ராமாத்தாள் எழுதுகிறேன். ஈசுவரன் புண்ணியத்தில் நீங்களும் தொழுவத்து மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பையன் தீபக்கிற்கு லிவர்மோரில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவன் தங்கை தீக்ஷா நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள். நம் பேத்தி வெண்பா பள்ளிக்கூடத்து ஸ்பெல்லிங் போட்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் தோற்கடித்து முதலாவதாக வந்தாள். "நீயும் அஞ்சாங்கிளாஸ்தானே, உன்னையும் சேர்த்துத்தாம்மா தோக்கடிச்சிருக்கா" என்று உங்கள் மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் என்னைக் கேலி செய்தான். சின்னவன், உங்கள் புதுப் பேரன், நேற்று ஒரு பாட்டில் முழுவதையும் மிச்சம் வைக்காமல் குடித்தான். அதையும் இந்த வரிசையில்தான் சேர்க்கிறேன்.

பாட்டில் என்றதும் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். வான்மதி உங்களிடம் சொல்லவே கூடாது என்றாள். "விசாவும் கிடைக்கல, வரவும் முடியாது. அம்மா அங்க தனியா உக்காந்து அழுவாங்க அத்தை" என்றாள். ஆனால் பெற்றவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஹாலில் போன் பேசினால் மாடி வரை கேட்கும் வீடு இது. பக்கத்து வீட்டு சாய்ராமின் அம்மா கோயமுத்தூர் வருகிறார்கள். அவர்கள் கையில் இதைக் கொடுத்து, அங்கிருந்து தபாலில் போடச் சொல்கிறேன்.

இங்கே பிறந்த குழந்தைக்கெல்லாம் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைக்குப் பார்த்ததில், பாலில் இருக்கும் ஒரு சர்க்கரை அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். அது நிஜமானால் தாய்ப்பாலே அவனுக்கு ஆகாதாம். ஈரலையும் கண்ணையும் கெடுத்துவிடுமாம். முதல் பரிசோதனை தப்பாகவும் இருக்கலாம், இரண்டாவது ரத்தம் அனுப்பியிருக்கிறோம், அது வரும்வரை சோயாப் பவுடர்தான் கொடுக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை.

வீடு முழுக்க ஒரே மாதிரி வார்த்தைகள். அந்தச் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பேர். பால் கொடுக்கச் சொல்லித்தர வந்த அம்மாள் லாக்டேஷன் கன்சல்டன்ட். வெண்பாவைக் கேட்டேன். "எல்லாம் ஒரே ஃபேமிலி அப்பத்தா. ரோமாபுரிக்காரங்க பாலுக்கு வெச்சிருந்த வார்த்தையிலருந்து வந்துச்சு" என்றாள். அவள் அப்பா கடையில் வாங்கிக் குடிக்கும் லாட்டே காப்பியும் அந்தக் குடும்பமாம். சாலட்டுக்கு நறுக்கும் லெட்டூஸ் கீரையும் அதுவேயாம். நான் நம்பவில்லை. அடிக்கட்டையை வெட்டிக் காட்டினாள். எருக்கந்தண்டு மாதிரி வெள்ளையாகப் பால் துளிர்த்தது. பெயர் வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். ஆனால் வான்மதி அந்தப் பக்கம் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள்.

லாக்டோஸ் என்பதன் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும் வெண்பாவிடம் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணினேன். பிள்ளைக்கு ஆகாதது எதிலாவது இருந்தால் என் கண்ணில் படட்டும் என்றுதான். பார்த்தால், சோயாப் பவுடர் டப்பாவிலேயே அது பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் ஃப்ரீ என்று வேறு இருந்தது. எதையோ வாங்கினால் எதையோ இலவசமாகக் கொடுக்கும் புத்தி இவர்களுக்கும் உண்டா என்று, ஜெயபிரகாஷ் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளை பசியில் வீரிட்டான். "அம்மா, அது இதுல இல்லைன்னு போட்டிருக்கான், பாட்டிலைக் குடு" என்று அவன் அப்பன் கத்தினான். பிறகு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

வான்மதிதான் சிரிக்கவில்லை. பால் வற்றிவிடக்கூடாது என்று மெஷின் வைத்து எடுத்து, பையில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சேதி வந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாமாம். நான் தேங்காய்த் துருவலையும் பச்சைப் பட்டாணியையும் வெளியே எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தேன். நேற்று மதியம் அவள் எடுத்த பாலோடு சிங்க் முன்னால் போய் நின்றாள். "யாருக்குன்னு அத்தை இதைச் சேத்து வெக்கறேன்" என்று கவிழ்க்கப் போனாள்.

தாய்ப்பாலைச் சாக்கடையில் விடக் கூடாது, பால் கட்டிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா. ஆனால் இந்த நேரத்தில் அவளுக்குச் சாஸ்திரம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இங்க குடு கண்ணு, கறிவேப்பிலைத் தொட்டியில ஊத்தறேன்" என்று கையை மட்டும் நீட்டினேன். அந்தச் செடி நீங்கள் கொடுத்தனுப்பிய விதையில் முளைத்தது. சன்னலோரம் இருக்கிறது. அவள் செடியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "வேண்டாம் அத்தை, ஃப்ரீசர்ல இன்னும் இடம் இருக்கு" என்று சொல்லிப் பையில் ஊற்றி, தேதி எழுதி வைத்தாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் முடிவு தெரிந்திருக்கும். நல்லதாக இருந்தால் அவளே கூப்பிடுவாள். கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம், எதையும் கேட்கவும் வேண்டாம். மழை பெய்ததா, செவலை கன்று போட்டதா என்று பேசிக்கொண்டே இருங்கள். அவளாகச் சொல்லுவாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். மெஷின் வைக்கும்போது பிள்ளையின் போட்டோவைப் பார்த்தால் பால் நன்றாக இறங்கும் என்று அந்த லாக்டேஷன் அம்மாள் சொன்னார்கள். இவள் உங்கள் போட்டோவைப் பார்க்கிறாள். கல்யாணத்தன்று எடுத்தது, மாலையும் பட்டுமாக யாரோ மாதிரி நிற்கிறீர்கள். புதிதாக ஒன்று எடுத்துக் காகிதத்திலேயே தபாலில் போடுங்கள். வீட்டுச் சேலை போதும், முகம் கிட்டத்தில் தெரிய வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளை என் மகளாகப் பார்த்துக்கொள்ளும்
ராமாத்தாள்