கறுப்புக் கழுகை மினுக்கிய அக்காவுக்கு

அக்கா, நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து மேசை லாச்சியைத் திறந்தேன். நீங்கள் மினுக்கிய கழுகு உள்ளே கிடந்தது. புளி மணக்கிறதா என்று மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். வெறும் உலோக மணம்தான்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஜெர்மனி. கொலோன் அகதி விடுதியில் நீங்கள் கீழ்மாடி, நான் மேல்மாடி. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க எனக்கு வராது. பழைய சாமான் சந்தையில் வாங்கி அங்கேயே விற்றேன். இரண்டாம் உலகப்போர்க்கால விமானப்படைச் சின்னங்களை ஜெர்மன்காரர் தேடித்தேடிச் சேர்ப்பதை அங்கேதான் கண்டேன். அவற்றில் உள்ள ஹிட்லரின் நாசிக் கட்சிக் குறியைக் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் மேசையில் வைக்கலாம், சட்டம் அப்படி.

ஒருநாள் அரிய சின்னம் ஒன்று கண்ணில் பட்டது. கிளைடர் ஓட்டியவர்களுக்குக் கொடுத்தது. இலை வளையத்துக்குள் ஒரு கறுப்புக் கழுகு. என்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிக்கு நீங்கள் காப்பைக் கழற்றித் தந்தீர்கள். கொழும்பில் தனியே நின்ற மகளைக் கூப்பிடுவதற்கென்று நீங்கள் வைத்திருந்த கடைசிப் பொன் அது. விற்றால் காப்பைப்போல் மூன்று மடங்கு வரும் என்று நான்தான் ஆசை காட்டினேன்.

"இதைச் சட்டையிலை குத்தினவன் குண்டு போட்டவனோ, தம்பி?"

"தெரியாதக்கா. இது எஞ்சின் இல்லாத பிளேன்."

"அப்ப சத்தமில்லாமல் வந்திருப்பான். எங்கடை ஊரிலை குண்டு போட்ட பிளேனுகள் சத்தமெண்டாலும் போட்டுக்கொண்டு வந்தது" என்றீர்கள். பிறகு, "பாதி என்ரை. ஒரு நாள் என்னட்டை இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனீர்கள்.

சந்தையன்று காலையில் கைலேஞ்சித் துணியை விரித்துக் காட்டினீர்கள். கழுகு வெள்ளையாக மின்னியது.

"புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கினனான். ஒரு பொட்டு ஊத்தை இல்லை. இனிக் கூடத் தருவான், பாரும்."

அந்தக் கறுப்பு ஊத்தை அல்ல, அக்கா, தொழிற்சாலையில் பூசியது. அதற்குத்தான் விலை. வாய்வரை வந்த ஏச்சை விழுங்கினேன். உங்கள் விரல் நுனிகள் புளியில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

வாங்குவதாகச் சொல்லிவைத்திருந்த பல் வைத்தியர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இதற்கு யார் இப்படிச் செய்தது?" என்று மட்டும் கேட்டுத் திருப்பித் தந்தார். என் பெட்டியிலிருந்த நல்ல சின்னங்கள் ஆறையும் அவருக்கே விற்றேன். வந்த பணத்தை உங்கள் கையில் வைத்து, "கழுகு வித்தாச்சு" என்றேன். பெரிய மனது என்று நினைக்காதீர்கள். காப்பும் போய் மகளும் வராத அந்த வெறுங்கையைத் தினமும் குசினி அடுப்படியில் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

அந்தக் காசாலே மாரிக்குளிரில் உங்கள் மகள் வந்து சேர்ந்தாள். அந்தக் கிழமையே என் ஜாக்கெட்டைத் தோய்க்க எடுத்த நீங்கள், பொக்கெட்டில் கிடந்த கழுகைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள்.

"வித்ததெண்டனீர்?"

"இது வேறையக்கா."

"என்ரை கை மினுக்கினது எனக்குத் தெரியாதே? ஆரிட்டைப் பேய்க்காட்டுறீர்? எவ்வளவு தரவேணும், சொல்லும்."

"ஒண்டும் வேண்டாம்."

"சும்மா வாங்க ஏலாது. யாவாரிதானே நீர், விலையைச் சொல்லும்!"

வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை, கண் நிறைந்திருந்தது. அதனால் ஒரு விலை சொன்னேன். ஒரு சொல்லும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டீர்கள்.

இப்போது எனக்குச் சொந்தக் கடை. வரும் பழைய சாமான் எதையும் நான் துடைப்பதில்லை, துடைக்க விடுவதுமில்லை. இந்தக் கழுகை மட்டும் மாதம் ஒருமுறை துணியால் துடைத்து வைக்கிறேன். கறுப்பு ஏற விடக்கூடாது.

நேற்றுப் புறப்படும்போது உங்கள் மகள் ஒரு பொதியை நீட்டினாள். "எதுக்குப் பிள்ளை?" என்றேன்.

"நீங்கள் இன்னும் போதுமெண்டு சொல்லேல்லை எண்டு அம்மா சொன்னவ, மாமா."

நாம் பேசிக்கொண்ட விலை அதுதானே, அக்கா: சந்தைக்குப் போகும் நாளெல்லாம் ஒரு பார்சல் சோறு, புளிக்குழம்போடு, போதும் என்று நான் சொல்லும்வரை.